மனை வாங்குமுன் ஒரு பழைய வரைபடம்

மனை வாங்கப்போகிறவர்கள் தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று என்று கோப்பு நிறையக் கொண்டுவருவார்கள். "எல்லாம் க்ளியரா சார்?" பெரும்பாலும் க்ளியராகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் இடத்தைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டால்தான் முழிப்பார்கள்.

சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் மனை பார்த்த ஒரு தம்பதி, "ஏப்ரல்ல போனோம், கட்டாந்தரை சார்" என்றார்கள். அடையாற்றுப் படுகையின் 1950களின் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். அமெரிக்க ராணுவ வரைபடத் துறையின் யு502 வரிசை. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டரை கிலோமீட்டர். உங்கள் மனையைத் தேடாதீர்கள், ஏரிகளைப் பாருங்கள். ஒன்று நிரம்பினால் தண்ணீர் கலங்கல் (மிகுநீர் வழியும் இடம்) தாண்டி அடுத்ததற்கு, கடைசியில் அடையாற்றுக்கு. அந்தப் போக்குக்கால்கள் பல வருடம் காய்ந்து கிடந்தால் லே-அவுட்காரர் கண்ணுக்கு அவை தெருவாகத்தான் தெரியும்.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குலத் தாள் (அங்குலத்துக்கு ஒரு மைல்) கிடைத்தால் இன்னும் நல்லது. ஏரிக்கரையை ஒட்டிப் பொடி எழுத்தில் ஓர் எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். தரையிலிருந்து கரையின் உயரம் அது. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்காத ஏரி கறுப்புக் கோட்டில் இருக்கும். நீலத்தை மட்டும் தேடினால் அது கண்ணில் படாது. சமஉயரக் கோடு வழக்கமாக 50 அடிக்கு ஒன்றுதான். கோடே இல்லையே, சமதரை என்று மகிழ வேண்டாம். இரண்டு ஆள் பள்ளம்கூட இடையில் ஒளிந்துகொள்ளும்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டினார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேர்வதே இன்னும் கீழே, திருநீர்மலை பக்கம். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் முடிச்சூருக்கு மேலே இருப்பதைப் படத்தில் விரல் வைத்தே காட்டலாம்.

இந்தத் தாளை வைத்து எல்லைத் தகராறு பேச முடியாது. அதற்கு கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு). ஓடைப் புறம்போக்கு எவ்வளவு தள்ளியிருக்கிறது, மனை முன்பு நஞ்சையா என்று அங்கே பாருங்கள். ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சை, பட்டா நிலமானாலும் பள்ளம்தான்.

அந்தத் தம்பதி மறுபடி போய், எதிர்வீட்டுக் காம்பவுண்டில் பதிந்திருந்த சேற்றுக் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஜன்னல் உயரம். நல்லவேளை, அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை.