512 முகவரிகளோடு இணையச் சேவை தொடங்குவோர் கவனத்துக்கு

2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவில் இணைய முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த ஐந்து ஸ்லாஷ் 8 தொகுதிகளும் (ஒவ்வொன்றும் சுமார் 1.68 கோடி முகவரிகள்; ஸ்லாஷ் எண் கூடக்கூடத் தொகுதி சிறிதாகும்) ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஆசிய பசிபிக்கைக் கவனிக்கும் ஏபிநிக்குக்கு வந்தது 103இல் தொடங்கும் தொகுதி. அதிலிருந்து ஓர் உறுப்பினருக்கு முதலில் அதிகபட்சம் 1,024 ஐபிவி4 (பழைய வகை) முகவரிகள் கிடைத்தன. 2019 பிப்ரவரி முதல் 512தான். ஐரோப்பாவின் பதிவகமான ரைப் என்சிசி, அதே ஆண்டு நவம்பரில் கையிருப்பு தீர்ந்துபோய், காத்திருப்போருக்கு 256 தருகிறது.

இந்தக் கண்டிப்பு நியாயமானது. நாளை தொடங்கும் நிறுவனம் முழுக்கப் புதிய வகையான ஐபிவி6இல் இயங்கினாலும், பழைய இணையத்தோடு பேச அதற்குக் கொஞ்சம் ஐபிவி4 வேண்டும். அதனால்தான் 103 தொகுதியில் பெற்றதை ஐந்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது. தேவையில்லை என்றால் பதிவகத்திடமே திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் நிக்ஸி அமைப்பின் முகவரிப் பதிவகமான ஐரின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இலங்கையில் நேரே ஏபிநிக்தான்.

கைக்கு வந்த ஸ்லாஷ் 23ஐ (512 முகவரிகள்) இரண்டு ஸ்லாஷ் 24ஆகப் (தலா 256) பிரித்து, நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபியில் அறிவிக்கலாம். அதற்கும் சிறிதாக்கினால் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்காது. பலர் இடறுவது இங்கேதான்: எந்த நெட்வொர்க் எந்தத் தொகுதியை அறிவிக்கலாம் என்று சொல்லும் கையொப்பமிட்ட சான்றான ஆர்ஓஏவில், அதிகபட்ச நீளத்தை (அனுமதிக்கும் பெரிய ஸ்லாஷ் எண்ணை) 23 என்று வைத்துவிட்டு, ஸ்லாஷ் 24களை அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பு செல்லாததாகிவிடும். ஆர்பிகேஐ முறையில் இந்தச் சான்றுகளைச் சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் அதைத் தூக்கி எறியும். "சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால், முதலில் ஆர்ஓஏவைப் பாருங்கள்.

வீட்டு இணைப்புக்குத் தனிப் பொது முகவரி கொடுக்காதீர்கள். ஒரு பொது முகவரியைப் பலர் பகிர வைக்கும் சிஜிநாட்டுக்கு ஒரு ஸ்லாஷ் 24ஐ ஒதுக்கி, உள்ளே இதற்கென்றே ஒதுக்கப்பட்ட 100.64.0.0/10ஐப் பயன்படுத்துங்கள். ஒருவருக்கு 1,008 போர்ட் (ஒரு முகவரிக்குள் இணைப்புகளைப் பிரிக்கும் எண்கள்) என்று வைத்தால் ஒரு முகவரியில் 64 பேர். 256 முகவரிகளில் 16,384 பேர். போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் பதிவில் இல்லையென்றால், காவல்துறை கேட்கும்போது அந்த 64 பேரில் யார் என்று சொல்லவே முடியாது. கூடவே ஐபிவி6 ஸ்லாஷ் 32ஐயும் வாங்கி அன்றே இயக்குங்கள். யூடியூப், ஃபேஸ்புக் போக்குவரத்து அதில் போய்விட்டால் சிஜிநாட்டின் சுமை வெகுவாகக் குறையும்.

பிறகும் போதவில்லை என்றால் சந்தையில் வாங்கலாம். அடுத்த 24 மாதத் தேவையை ஏபிநிக்கிடம் நிரூபிக்க வேண்டும். விலை பேசும் முன்பே மூன்றைப் பாருங்கள்: ஸ்பேம் தடைப்பட்டியலில் இருக்கிறதா, பழைய ஆர்ஓஏ எஞ்சியிருக்கிறதா, இருப்பிடத் தரவுத்தளங்கள் வேறு நாட்டைக் காட்டுகின்றனவா. முகவரி யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.