"அக்கா, நான் அதுவா?"

தீபாவளிக்கு முந்தின வாரம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடக்க இடமில்லை. என் ஆலோசனை அறைக்கு வந்த 24 வயதுத் தம்பி, கதவைச் சாத்தியதும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, நான் அதுவா?" (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆண் ஆணையோ, பெண் பெண்ணையோ விரும்புவதற்குத் தன்பாலீர்ப்பு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் வாயில் "அது"தான் வரும்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜிம்மில் ஒரு நண்பனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டாராம். அன்றிரவு தொடங்கி இணையத்தில் 'நீங்கள் யார்' என்கிற தேர்வுகள். ஆண் படம், பெண் படம் என மாற்றி மாற்றிப் பார்த்து உடம்பு என்ன சொல்கிறது என்று சோதனை. மூன்று மாதமாகத் தூக்கமில்லை.

ஈர்ப்பு என்றால் அதில் ஓர் ஆசை இருக்கும், ஏக்கம் இருக்கும். பயமும் வெட்கமும் கூடவே வரலாம், அதனால் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. இந்தத் தம்பியிடம் நான் கண்டது பெரும்பாலும் பயமும் சரிபார்ப்பும்தான். கேஸ் அடுப்பை அடைத்தோமா என்று பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்ப்போமே, அது மாதிரி. ஓசிடி என்கிற, வேண்டாத எண்ணமும் சரிபார்ப்பும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநலச் சிக்கலில் இப்படியும் ஒரு வகை உண்டு. "நீ அது இல்லப்பா" என்று நான் சொன்னால் அன்றைக்கு நிம்மதியாகப் போவார், வியாழக்கிழமை திரும்பி வருவார். விடை கிடைக்காமலே சோதனையை நிறுத்தப் பழகுவதுதான் அங்கே சிகிச்சை.

இன்னொருவர், ஐம்பதைத் தொட்ட அம்மா. பள்ளி நாளிலிருந்தே மனம் போனது பெண்களிடம்தான். குடும்பம், பிள்ளைகள், எல்லாம் உண்டு. "எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்மா, யார்கிட்டயாவது சொல்லணும், அவ்வளவுதான்" என்றார். சொன்னார், போனார்.

மனதின் ஈர்ப்பு ஒன்று, வாழ்க்கையில் செய்வது ஒன்று, நம்மை நாமே என்னவென்று சொல்லிக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டியதில்லை. 1948இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் கின்ஸி, எதிர்பால் ஈர்ப்பு மட்டும் என்றால் 0, தன்பாலீர்ப்பு மட்டும் என்றால் 6 என்று ஓர் அளவுகோல் வைத்தார். அதில் உணர்வும் அனுபவமும் ஒரே எண்ணுக்குள் அடங்கின. 1978இல் மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் கிளைன் ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, அடையாளம் எனப் பிரித்து, முன்பு, இப்போது, விரும்புவது என்று தனித்தனியாகவும் கேட்டார். எனக்கு அதுதான் உதவுகிறது.

ஆணை விரும்பும் ஆண் உள்ளுக்குள் பெண் என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். யாரை விரும்புகிறேன் என்பது வேறு, நான் ஆணா பெண்ணா என்று உணர்வது வேறு. பெண்ணை விரும்பும் திருநங்கையும் உண்டு.

சிலர் "மாற்றிக் கொடுங்கள்" என்று பிள்ளையை அழைத்து வருவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990லேயே எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு நான் எங்கே போய் மருந்து தேடுவது?

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் செயலைக் குற்றமாக்குகின்றன. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. மனதில் இருப்பதை அவை தொடுவதில்லை. ஆனாலும் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று நிதானமாக யோசிக்கச் சொல்கிறேன்.

அந்தத் தம்பி போன மாதம் வந்தார். ஜிம்முக்குத் திரும்பிவிட்டாராம். அந்தக் கேள்வி என்ன ஆனது என்றேன்.

"இருக்கு அக்கா. ஆனா தூங்குறேன்."