வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்?

வேலூரில் கார் வைத்திருப்பவர் யாரிடமாவது டயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "எம்.ஆர்.எஃப். போடு சார், தேயவே தேயாது" என்பார் ஒருவர். "மிச்செலின் போட்டா சத்தமே இருக்காது, காசு போனா போவுது" என்பார் அடுத்தவர். அரக்கோணத்தை ஒட்டி இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை இருப்பதால், இந்தப் பக்கத்தில் அந்தப் பெயருக்கு ஊர்ப்பாசமும் கொஞ்சம் உண்டு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒப்பிடுவது, தேய்ந்து இறுகிப்போன பழைய டயரோடு புத்தம்புது டயரை. அந்தப் போட்டியில் எந்தப் புது டயரும் ஜெயித்துவிடும். பிராண்டைக் கேட்பதற்கு முன் ரப்பரைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் கேள்வியே மாறிவிடும்.

குடும்பத்தோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 350 கிலோ. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் 150 சதுர சென்டிமீட்டர்தான் வருகிறது. அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. பிரேக், திருப்பம், ஆக்சிலேட்டர் எல்லாம் இந்த நான்கு துண்டு இடங்களின் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகின்றன.

அந்த இடத்தில் ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, காய்ந்த ரோட்டில் மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது. மற்றது, தாரில் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லியின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி எழுவது. மழையில் முதல் வழி பெரும்பாலும் அடைபட்டுப் போகும், இரண்டாவதுதான் காப்பாற்றும். இங்கேதான் ரப்பரின் குணம் வேலை செய்கிறது. எஃகுச் சுருளை அமுக்கிவிட்டால் கொடுத்த ஆற்றலைக் கிட்டத்தட்ட முழுதும் திருப்பித் தரும். ரப்பர் தராது, ஒரு பகுதியை வெப்பமாக்கிவிட்டுத் தாமதமாக எழும். பிளஸ் டூ இயற்பியலில் காந்தத்துக்குப் படித்த அதே 'தயக்கம்' இது. ஜல்லியின் ஒரு பக்கம் அழுத்திய ரப்பர் மறுபக்கம் உடனே எழாமல் தயங்குவதால்தான் கார் நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால், பிரேக் போடும்போது நமக்கு வேண்டிய இந்த இழப்பு, சும்மா உருளும்போதும் நடக்கிறது. 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறைக்கு மேல் சுற்றும். அதாவது ரப்பரின் ஒவ்வொரு துண்டும் நொடிக்கு 11 தடவை நசுங்கி எழுகிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் பெட்ரோல் வெப்பமாகப் போகிறது. பிடிப்பைக் கூட்டினால் மைலேஜ் குறையும். மைலேஜுக்காகத் தயக்கத்தைக் குறைத்தால் மழையில் வழுக்கும். ரப்பரைக் கெட்டியாக்கி ஆயுளைக் கூட்டினாலும் பிடிப்புதான் விலை கொடுக்கும்.

இந்த முடிச்சில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. உருளும்போது நசுங்கல் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை. வழுக்கி நிற்கும்போது ஜல்லியின் நுண்ணிய முனைகள் மேற்பரப்பு ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறைக்கு மேல் அதிரவைக்கின்றன. மெதுவான அசைவில் குறைவாகவும் வேகமான அதிர்வில் அதிகமாகவும் ஆற்றலை விழுங்குகிற கலவை கிடைத்துவிட்டால் இரண்டு காரியமும் நடக்கும். 1992இல் மிச்செலின் சிலிக்கா சேர்த்த கார் டயரைக் கொண்டுவந்தது இந்தக் கணக்கில்தான். அதுவரை ரப்பருக்கு வலுவூட்டிய கரித்தூளின் துகள்கள் தங்களுக்குள் பிணைந்து, ஒவ்வொரு சுற்றிலும் பிரிந்து சேர்ந்து வெப்பத்தை உண்டாக்கும். சிலிக்காவை சிலேன் என்ற வேதிப்பொருள் ரப்பரோடு நேரடியாகக் கட்டிப்போடுவதால் அந்த உள்ளுரசல் குறைகிறது, ஈரப்பிடிப்பு போவதில்லை. பாலாற்று மணலில் இருப்பதும் இதே சேர்மம்தான் என்றாலும், டயருக்குள் போவது நானோமீட்டர் அளவுத் துகள். இன்று பெரிய கம்பெனிகள் எல்லாமே சிலிக்கா போடுகின்றன. எவ்வளவு, எதோடு சேர்த்து என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே பிராண்டு என்பது பாதிச் செய்திதான். ஒரே கம்பெனிக்குள்ளேயே எதிரெதிர் குணமுள்ள டயர்கள் இருக்கின்றன. அப்போலோவில் அமேசர் 4ஜி லைஃப் ஆயுளுக்கு. ஆல்நாக் 4ஜி பிடிப்புக்கும் ஓட்டும் சுகத்துக்கும். சியட்டில் மைலேஸ் ஆயுள் பக்கம், செக்யூராடிரைவ் பிடிப்புப் பக்கம். குட்இயரில் டியூராபிளஸ் ஒரு முனை என்றால் டிரிபிள்மேக்ஸ் மறுமுனை. மைலேஸ் போட்டவரும் செக்யூராடிரைவ் போட்டவரும் 'சியட் எப்படி?' என்று பேச உட்கார்ந்தால் விடிய விடிய சண்டைதான்.

நம் ஊரில் இதற்கு மேல் வெயில் சேருகிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. தார் ரோடு அதைவிட எவ்வளவோ கொதிக்கும். வெப்பமும் ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பரை இறுக்கிக்கொண்டே இருக்கும். டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் பழுப்பாகப் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கல்ல, ஓசோனைத் தடுக்கக் கலந்த வேதிப்பொருள் உள்ளிருந்து மெல்ல வெளியே கசிவது. அது தீரத் தீர வெடிப்பு விடும். வெயிலில் நிறுத்திய வண்டியில், சக்கரத்தைச் சற்றுத் திருப்பி வைத்து, ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியைப் பாருங்கள். மேலே ஆழம் நன்றாக இருக்கும். அடியில் மயிரிழை போலக் கோடுகள் ஓடும்.

இங்கேதான் கிலோமீட்டர் கேள்வி வருகிறது. காந்தி நகரில் ஓய்வுபெற்ற ஒருவர் கார் எடுப்பது சந்தைக்கும் சி.எம்.சி.க்கும், எப்போதாவது ரத்தினகிரிக்கும். வருஷம் 6,000 கிலோமீட்டர். அவருக்குக் கடைக்காரர் எண்பதாயிரம் ஓடும் டயரைக் காட்டுகிறார். அது தேய 13 வருஷம் ஆகும். ரப்பரோ ஆறேழு வருஷத்திலேயே இறுகத் தொடங்கிவிடும்; பத்து வருஷத்தைத் தாண்டி ஓட்டாதீர்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பயன்படுத்தவே போகாத ஆயுளுக்காக மழைப்பிடிப்பை விட்டுக்கொடுப்பது என்ன கணக்கு? அவர் வாங்க வேண்டியது மென்மையான டயர். கெட்டி டயர், தினமும் காட்பாடி ஸ்டேஷனுக்கும் சென்னை ஏர்போர்ட்டுக்கும் போய்வரும் டாக்சிக்காரருக்கு. கடைகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர், ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகளில் குழந்தைகளோடு இறங்குகிறவர், மைலேஜையும் சத்தத்தையும் பிறகு பார்க்கட்டும், ஈரப்பிடிப்பு முதலில். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழையில் கரையும்போதுதான் ரோடு மிக மோசம்.

மழையில் இன்னொரு ஆபத்து, டயர் தண்ணீர்மேல் மிதப்பது. 1960களில் நாசாவின் வால்டர் ஹோர்ன் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து தந்த சூத்திரம், மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது. பட்டனின் பள்ளம் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் நின்றால், 33 பி.எஸ்.ஐ.க்கு சுமார் 95 கிலோமீட்டர் வேகம். 25 என்றால் 83. காருக்கு அப்படியே பொருந்தாது, போக்கு இதுதான். பள்ளத்துக்குள் தேய்மானத்தைக் காட்டும் அளவுக்கட்டை 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவரை காத்திருப்பது சட்டத்துக்குச் சரி. ஐப்பசி மழைக்கு முன்பே 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவது என் வழக்கம்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். டயர் 30 டிகிரி சூடேறினால் அழுத்தம் 5 பி.எஸ்.ஐ. வரை ஏறிக் காட்டும். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி மத்தியானம் பங்க்கில் நிறுத்தி, 'ஜாஸ்தி இருக்கு சார்' என்று இறக்கிவிட்டால், ஆறியதும் டயர் பசியோடு கிடக்கும். காற்றுக் குறைந்த டயரின் சைடுவால் அதிகம் மடங்கும், சூடு ஏறும், வெடிப்பதும் அதனால்தான் அதிகம். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

கடையில் நகத்தால் அழுத்தி 'சாஃப்ட் சார்' என்று காட்டுவதை நம்பாதீர்கள். ஏ.சி.யில் இருக்கும் டயரும் வாசலில் வெயில் காயும் டயரும் ஒரே கலவையாக இருந்தாலும் விரலுக்கு வேறாகத் தெரியும். பார்க்க வேண்டியது சைடுவாலில் இருக்கிறது. டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. சில டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். மாட்டுவதற்கு முன்பே திருப்பிப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் 88எச் என்றிருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கார் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால், இன்ஜின் முன்சக்கரத்தைச் சுற்றும் வண்டி என்று சொல்லி முன்னால் மாட்டப் பார்ப்பார்கள். பின்னால் மாட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், ஸ்டியரிங்கால் எல்லோராலும் மீட்க முடியாது. புது டயரின் மேல், வார்ப்பு அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சு இருக்கும் என்பதால் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு அதிலும் முழுப்பிடிப்பு வராது.