விண்டோஸை மறுபடி நிறுவிய பின் ஆபிஸ் ஏன் திறப்பதில்லை?

விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்கள் கணினியைப் பழுதுநீக்க எடுத்து வரும்போது பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, வேர்ட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது." டிரைவை ஃபார்மட் செய்யாமல் நிறுவியிருந்தால், பழைய புரோகிராம்கள் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறைக்குள் கிடக்கும். அங்கே போய் வேர்டின் ஐகானை இருமுறை சொடுக்கிப் பிழைச்செய்தியைப் பெற்றவர்கள் பலர்.

கோப்புகள் இருந்தால் போதாது. நிறுவும் வேளையில் ஆபிஸ் தன் கோப்புகளை நகலெடுப்பதோடு, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி எனப்படும் அமைப்புப் பதிவேட்டில் ஏராளமான பதிவுகளை எழுதி, உரிமத் தகவலையும் இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. ரெஜிஸ்ட்ரி விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால், புதிய விண்டோஸுக்குப் பழைய ஆபிஸ் இருந்த விவரமே தெரியாது. ஆகவே பழைய கோப்புறையோடு மல்லுக்கட்டாமல், மறுபடி நிறுவுவதே வழி.

உரிமம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்தக் கணக்கில் நுழைந்து பதிவிறக்கிக்கொள்ளலாம். உரிமச் சாவியை மட்டும் நம்பியிருக்கும் பழைய பதிப்புகளுக்கு அதன் 25 எழுத்துகளும் வேண்டும். ஆபிஸோடு வரும் கட்டளை நிரல் கடைசி 5 எழுத்துகளைத்தான் காட்டும் என்பதால், பெட்டியையோ ரசீது மின்னஞ்சலையோ தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆபிஸின் 32 பிட், 64 பிட் பதிப்புகளில் முன்பு எது இருந்தது என்பதையும் பாருங்கள். எக்செலுக்கென எழுதப்பட்ட பழைய ஆட்-இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பல 32 பிட்டில் மட்டுமே இயங்கும்.

நிறுவிய பிறகும் திறக்கவில்லையென்றால், முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். தேதி தவறாக இருந்தாலே உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் தோற்றுப்போகும். அடுத்து, செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், ஆபிஸுக்கு எதிரே உள்ள மாடிஃபை வழியாக முதலில் விரைவுப் பழுதுநீக்கத்தையும், அது உதவாவிட்டால் இணையவழிப் பழுதுநீக்கத்தையும் செய்யுங்கள்.

உண்மையான ஆபத்து இனிமேல்தான். விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை என்று செய்தி வந்ததும் அந்த ஒரே கோப்பை முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் ஒட்டுகிறார்கள். அது மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் விஷுவல் சி++ தொகுப்பின் ஒரு பகுதி. தொகுப்பை நிறுவினால் கோப்பு தானே வந்துவிடும். அதைவிட மோசமானது, சாவி தொலைந்த பதற்றத்தில் ஓடவிடும், உரிமமில்லாமலே ஆபிஸைத் திறக்கவைப்பதாகச் சொல்லும் "ஆக்டிவேட்டர்". வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு இயக்கச் சொல்லும் எந்தப் புரோகிராமுக்கும், கணக்கு வழக்குகள் இருக்கும் கணினியில் நிர்வாகி அனுமதி கொடுப்பது, என் கருத்தில், ஆபிஸே இல்லாமல் இருப்பதைவிடக் கேடு.

ஆபிஸ் திறந்த பிறகும் பழைய ஆவணங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், கோப்பு கெடவில்லை. பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருதான் ஃபார்மட்டில் போயிருக்கிறது. அதை நிறுவினால் எழுத்துகள் திரும்பிவிடும். அவுட்லுக் மின்னஞ்சல்கள் அப்படியல்ல: பிஓபி முறையில் (அஞ்சலைச் சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) இறக்கிய அஞ்சல்கள், அவுட்லுக் தன் அஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். அது வழக்கமாக டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் கோப்புறையில் இருக்கும். ஃபார்மட் செய்யுமுன் அவுட்லுக்கை மூடிவிட்டு அதை வெளி டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிரைவை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால், 48 இலக்க மீட்புச் சாவியையும் அப்போதே குறித்துவையுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்ட டிரைவை எந்தப் பழுதுநீக்குபவராலும் திறக்க இயலாது.