மீரா: விமான அணிக்கும் ஊழுக்கும் ஒரே சொல்

இரண்டாம் உலகப் போரில் கிரேக்க விமானப்படை என்ன செய்தது என்று படிக்கத் தொடங்கினால், முதல் பக்கத்திலேயே ஒரு சொல் எதிரே வந்து நிற்கும்: மீரா. "22ஆவது மீரா", "335ஆவது மீரா" என்று எப்போதும் எண்ணோடுதான் வரும். நம் வீட்டுப் பெண்களுக்கு வைக்கும் மீரா என்ற பெயரோடு இதற்கு உறவு கிடையாது; ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. ஒரு தலைவரின் கீழ் பறக்கும் பத்துப் பதினைந்து விமானங்கள், அவற்றின் விமானிகள், தரையில் பழுது பார்ப்பவர்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு மீரா. ஆங்கிலத்தில் ஸ்குவாட்ரன் என்பதற்குச் சரியான கிரேக்கச் சொல் இது.

ஆனால் கிரேக்க அகராதியில் இதைத் தேடினால் முன்னால் வருவது வேறு பொருள்: விதி. புராணத்தில் மனிதனின் ஆயுளை நூலாக நூற்று, அளந்து, அறுக்கும் மூன்று சகோதரிகளுக்கும் இந்தச் சொல்தான் பெயர். குளோதோ நூற்பாள், லாகெசிஸ் அளப்பாள், அத்ரோபோஸ் அறுப்பாள். விமானங்களின் கூட்டத்துக்கு ஏன் விதியின் பெயர்?

இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்த கிளைகள். 'தன் பங்கைப் பெறு' என்ற பொருளுள்ள பழைய கிரேக்க வினையிலிருந்து பிறந்தது மீரா. ஹோமரின் காலத்தில் விருந்தில் ஒருவருக்கு வெட்டி வைக்கும் இறைச்சித் துண்டும் மீரா, அவருக்கு என்று அளந்துவிட்ட வாழ்நாளும் மீரா. பங்கு என்பதே அடிப்படை. விதி அதிலிருந்து வந்தது. படையைப் பங்கு போட்டால் வருவதும் அதே பெயர்தான். ஸ்பார்ட்டாவின் காலாட்படைப் பிரிவுக்கு இருந்த 'மோரா' என்ற பெயரும் இந்த வேர்தான். இன்றைய கிரேக்கத்தில் கப்பல்படையிலும் பீரங்கிப்படையிலும்கூட மீரா உண்டு. அதோடு, வட்டத்தை 360ஆகப் பங்கிட்டால் வரும் ஒவ்வொரு கூறும் மீரா. ஒரு கிரேக்க விமானி தன் மீராவோடு புறப்பட்டு, முப்பது மீரா திரும்பி, தன் மீராவை நோக்கிப் பறக்கிறார் என்று சொன்னால் மூன்று இடத்திலும் பொருள் வேறு, சொல் ஒன்று.

இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது நம் 'பால்' என்ற சொல். குடிக்கும் பாலை விட்டுவிடுவோம். அறத்துப்பால், பொருட்பால் என்னும்போது பால் என்றால் பகுதி. ஆண்பால், பெண்பால் என்பதும் பகுப்புதான். அதே குறளில் ஊழ் அதிகாரத்துக்கு வந்தால், "பரியினும் ஆகாவாம் பாலல்ல" என்று இருக்கிறது. இங்கே பால் என்றால் ஊழ். உனக்கென்று வகுக்கப்படாதது எவ்வளவு காத்தாலும் நில்லாது. அடுத்த குறளில் ஊழை வகுத்தவனுக்குப் பெயரே 'வகுத்தான்'. தொல்காப்பியம் ஊழைப் பங்கிடும் தெய்வத்தைப் 'பால்வரை தெய்வம்' என்கிறது. கிரேக்கர் மீராவில் வைத்த பங்கு, ஊழ் இரண்டையும் தமிழர் பாலில் வைத்தார்கள். வட்டத்தின் கூறு மட்டும் பாலில் இல்லையே என்றால், அதற்குப் பாகை இருக்கிறது. பாகம் என்பதோடு ஒட்டிய சொல். பாக்கியம் என்று நாம் சொல்லும் வடசொல்லுக்கும் அடியில் பங்கு என்ற பொருள்தான் கிடக்கிறது. ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கியதாகத் தெரியவில்லை. பங்கிட்டு உண்ட மக்கள் எல்லோருக்கும், கிடைத்த பங்கே விதி என்று தோன்றியிருக்கும் போல.

ஸ்குவாட்ரன் வந்த வழி வேறு. லத்தீனில் நான்கு என்ற எண்ணிலிருந்து சதுரம், சதுரத்திலிருந்து இத்தாலியில் 'ஸ்குவாட்ரா', சதுரமாக நிற்கும் படை. அங்கே வடிவம், கிரேக்கத்தில் பங்கு.

1940 அக்டோபர் 28 அன்று இத்தாலி கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, கிரேக்கத்திடம் இருந்த போர் விமானங்களில் முக்கியமானவை போலந்தில் செய்த பி.இஸட்.எல். பி.24. மொத்தம் 36 வாங்கியிருந்தார்கள். போலந்தே 1939இல் வீழ்ந்துவிட்டதால் உதிரி பாகம் வர வழியில்லை. ஒரு விமானம் பழுதானால் இன்னொன்றைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்ற நிலை. இந்த விமானங்களை ஓட்டிய பிரிவுகளுக்கு 'மீரா தியோக்ஸியோஸ்' என்று பெயர். தியோக்ஸிஸ் என்றால் துரத்தல். தமிழில் எல்லாவற்றையும் போர் விமானம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கிரேக்கத்தில் எதிரி விமானத்தைத் துரத்திப் பிடிப்பதற்குத் தனிப் பெயர்.

அந்தத் துரத்தலைக் கிட்டே போய்ப் பார்க்க நவம்பர் 2 போதும். 22ஆவது மீராவைச் சேர்ந்த மரினோஸ் மித்ராலெக்ஸிஸ் தெசலோனிகி நகருக்கு அருகே மூன்று என்ஜின் கொண்ட இத்தாலிய காண்ட் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் துரத்தினார். துப்பாக்கிக் குண்டுகள் தீர்ந்துபோயின. திரும்பிப் போகாமல் நேராக அதன் வாலுக்குப் பின்னால் சென்று, தன் விமானத்தின் சுழலும் விசிறியாலேயே அதன் சுக்கானை வெட்டினார். இத்தாலிய விமானம் கட்டுப்பாடு இழந்து விழுந்தது. விசிறி சேதமான தன் விமானத்தை அவர் பக்கத்திலேயே இறக்கி, பாராசூட்டில் குதித்துத் தப்பிய இத்தாலியர்களைக் கைத்துப்பாக்கி காட்டிச் சிறைபிடித்தார். போரைத் தாண்டி வாழ்ந்த அவர், 1948இல் ஏஜியன் கடலில் ஒரு விமான விபத்தில் இறந்தார்.

1941 ஏப்ரலில் ஜெர்மனி இறங்கியதும் கிரேக்க விமானப்படை நிலைகுலைந்தது. தப்பியவர்கள் கிரீட் தீவுக்கும் எகிப்துக்கும் போனார்கள். பிறகு மத்திய கிழக்கில் பிரிட்டிஷ் விமானப்படையின் கீழ் மறுபடி கூடியபோதுதான் 335, 336 என்ற எண்கள் வந்தன. அவை கிரேக்கர் தாங்களாக வைத்த எண்கள் கிடையாது. நேச நாட்டு அணிகளுக்கென்று பிரிட்டன் 300இல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருந்தது: 300 முதல் போலந்து, 310 முதல் செக்கோஸ்லோவாக்கியா, 320 முதல் நெதர்லாந்து, 330 முதல் நார்வே, பிறகு கிரேக்கம். எண்ணைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடலாம். பெரிய படையில் ஒவ்வொரு சிறிய நாட்டுக்கும் ஒரு பங்கு. மீரா என்ற சொல்லின் பழைய பொருள் அந்த எண்களில் அப்படியே உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. சொந்த ஊர் எதிரியின் கையில் இருக்க, வேற்று நாட்டு மணலில், வேற்றார் கொடுத்த ஹரிக்கேன் விமானங்களில் பறந்தவர்களுக்குக் கிடைத்த பங்கு அது.

சரி, இதைத் தமிழில் எப்படி எழுதுவது? ஸ்குவாட்ரன் என்று ஆங்கிலத்தை அப்படியே எழுதுவது ஒரு வழி. கிரேக்கப் படையைப் பற்றி எழுதும்போது அது எனக்கு உறுத்துகிறது. நடுவில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை? 'படைப்பிரிவு' பரவலாகப் புழங்குகிறது, பொருளும் மீராவுக்கு மிக அருகில்: பிரித்துக் கொடுத்த பங்கு. ஆனால் ஆயிரக்கணக்கான தரைப்படை வீரர் கொண்ட டிவிஷனுக்கும் அதையே எழுதுகிறோம். பதினைந்து விமானத்தையும் பதினைந்தாயிரம் பேரையும் ஒரே சொல்லால் அளந்தால் படிப்பவர் தடுமாறுவார். 'படையணி' இலங்கைத் தமிழில் ரெஜிமெண்டுக்கு நிலைத்துவிட்டது. 'பால்' எவ்வளவு அழகாக இருந்தாலும் "335ஆம் பால்" என்றால் யாருக்கும் புரியாது. 'வகுப்பு' என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும், அதன் படைப் பொருள் இன்று அணிவகுப்பு என்ற சொல்லில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

என் தேர்வு 'விமான அணி'. கட்டுரையில் முதல் தடவை மட்டும் மீரா என்ற கிரேக்கப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் அணி என்றே எழுதலாம். அதற்குக் கீழுள்ள சிறு பிரிவைக் கிரேக்கர் 'ஸ்மீனோஸ்' என்கிறார்கள். தேனீக் கூட்டத்துக்கும் அதே பெயர். தமிழில் 'திரள்' பொருந்தும். அப்படி எழுதினால் வாக்கியம் இப்படி வரும்: "1941 அக்டோபர் 10 அன்று பாலஸ்தீனத்தின் அகீர் தளத்தில் 335ஆவது கிரேக்க விமான அணி தொடங்கப்பட்டது, 336ஆவது அணி 1943 பிப்ரவரியில் எகிப்தின் அல்மாஸாவில் அமைந்தது." இரண்டு எண்களும் இன்றும் கிரேக்க விமானப்படையில் இருக்கின்றன, பத்ராஸ் நகருக்கு அருகே அராக்சோஸ் தளத்தில்.