நூறு வரைக்கும் ஆபீஸ், நூறுக்கு மேல் லேப்

கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய மருத்துவமனை. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அங்கிருந்து எனக்கு போன். ஓபி சீட்டு போடும் கணினி திணறுகிறது, பார்மசியில் பில் வரவில்லை, லேப் முடிவு டாக்டரின் திரைக்குப் போகவில்லை. குன்னூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசற்படி தாண்டி நின்றது. கைக்குழந்தையோடு ஒரு தாய் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பார்மசி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்வொர்க் வேலையை வெறும் ஒயர் வேலை என்று நினைப்பவர்கள் அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

நெட்வொர்க்கின் வாசலான 192.168.1.1 என்ற முகவரிக்கு எந்தக் கருவி பதில் சொல்கிறது என்று பார்த்தேன். ஒருமுறை ஒரு மேக் எண் (கருவிக்குக் கம்பெனி தரும் அடையாள எண்) வந்தது, அடுத்த முறை வேறு ஒன்று. ஒரே முகவரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒன்று மருத்துவமனையின் மெயின் ரவுட்டர். இன்னொன்று, நர்ஸ் அறைக்காக முந்தின நாள் கடையில் வாங்கி மாட்டிய வைஃபை ரவுட்டர். கம்பெனியிலிருந்தே அதே முகவரியோடு வந்தது. கேபிளை லேன் துளையில் செருகியிருந்ததால், அதுவும் தன் பங்குக்கு எல்லாக் கணினிக்கும் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கேபிளைக் கழற்றியதும் ஒவ்வொரு கணினியாக உயிர் வந்தது.

ரவுட்டர் வாங்கி வந்த ஊழியரை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நர்ஸ் அறையில் செருகிய ஒரு கேபிள் லேப்பையும் பார்மசியையும் சேர்த்துப் படுக்க வைக்க முடிகிறது என்றால், கோளாறு கேபிளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

அந்த அமைப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. முன்பு வேலை பார்த்தவர் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: முகவரியின் கடைசி எண் 1 முதல் 100 வரை ஆபீஸ், 101 முதல் 200 வரை லேப், அதற்கு மேல் பார்மசி. எல்லாக் கணினியிலும் மாஸ்க் (முகவரியில் எதுவரை ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்) மட்டும் 255.255.255.0, அதாவது எல்லாம் ஒரே நெட்வொர்க். துறைகள் பிரிந்திருந்தது நோட்டில் மட்டும்தான். நீலகிரியில் பள்ளி, தேயிலை ஃபேக்டரி, விடுதி என்று பல இடங்களில் இதே தவறைப் பார்த்திருக்கிறேன்.

முகவரியைப் பிரிப்பது மாஸ்க். அது நூறு நூறாக வெட்டாது. 32, 64, 128 என்று இரட்டிக்கும் அளவில்தான் வெட்டும். /26, அதாவது 64 முகவரி கொண்ட துண்டு, போட்டால் எல்லைகள் 0, 64, 128, 192. அந்த நோட்டை வைத்துக்கொண்டு /26 போட்டுப் பாருங்கள்: ஆபீஸின் 90-ம் லேப்பின் 110-ம் ஒரே துண்டில் விழும். ஆபீஸின் 60-ம் 90-ம் தனித்தனித் துண்டுக்குப் போய்விடும்.

நாங்கள் புதிதாகத் திட்டம் போட உட்கார்ந்தபோது முதலில் செய்தது தலையை எண்ணுவதல்ல, கருவியை எண்ணுவது. லேப்பில் வேலை செய்பவர்கள் மூன்று பேர். ஆனால் ரத்தப் பரிசோதனை இயந்திரம், பிரிண்டர், பார்கோடு பிரிண்டர், கணினிகள், வருகைப்பதிவுக் கருவி என்று ஐபி கேட்பவை பதினொன்று. ஒவ்வொரு துறையிலும் இப்படி நடந்து எண்ணி, அதை இரண்டு மடங்காக்கி எழுதினோம்.

அடுத்து, 192.168.1 வரிசையை விட்டு வெளியே வந்தோம். டாக்டரின் வீட்டு ரவுட்டரிலும் பல நேரம் அதே வரிசைதான் இருக்கும். அவர் வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் மேல் மருத்துவமனை நெட்வொர்க்கில் சேரும் தனிப் பாதை) வழியாக லேப் ரிப்போர்ட் பார்க்க முயன்றால், அந்த முகவரி வீட்டில் இருக்கிறதா மருத்துவமனையில் இருக்கிறதா என்று அவர் கணினிக்குத் தெரியாது. தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட மூன்று வரிசைகளில் 10-ல் தொடங்குவது மட்டுமே 1 கோடியே 67 லட்சம் முகவரிகளுக்கு மேல். இவ்வளவு இருக்கும்போது /28 (16 முகவரி), /29 (8 முகவரி) என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுக்க வேண்டியதே இல்லை. இரண்டாம் எண் ஊர், மூன்றாம் எண் துறை என்று வைத்தோம். கோத்தகிரிக்கு 10.20. அதில் ஆபீஸ் 10, பார்மசி 20, லேப் 30, கேமரா 40. துறைக்கு ஒரு /24, அதாவது 254 கருவிகள். நாளைக்குக் கூடலூரில் கிளை திறந்தால் அது 10.21. கேபிள்கள் சேரும் ஸ்விட்சைத் துறைவாரியாகப் பிரிப்பதுதான் விலான்; அதன் எண்ணும் துறை எண்ணும் ஒன்றே.

விலானைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்விட்சில் பிரிக்காமல் சப்நெட்டை (முகவரித் துண்டை) மட்டும் பிரித்தால், தவறான ரவுட்டர் ஒன்று போடும் கூவல் எல்லாத் துறைக்கும் கேட்கும். பிரித்த பிறகு பயர்வாலில் யார் யாரோடு பேசலாம் என்று எழுத வேண்டும். கேமராவுக்கு லேப்பில் வேலை இல்லை. ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கையும் (அனுமதி இல்லாத கருவி ஐபி கொடுப்பதைத் தடுக்கும் வசதி) போட்டுவிட்டோம். இனி யார் எந்த ரவுட்டரை மாட்டினாலும் அது ஐபி கொடுக்க முடியாது.

நோயாளிகளோடு வருபவர்களின் வைஃபைக்கு மட்டும் /24 போதவில்லை. ஓபி நாளில் வந்து போகும் ஒவ்வொரு போனும் ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு இரண்டு மடங்கு பெரிய 10.20.90.0/23 கொடுத்து, லீஸ் நேரத்தை (ஒரு முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் காலத்தை) இரண்டு மணியாகக் குறைத்தோம். /23-ன் மூன்றாம் எண் எப்போதும் இரட்டை எண்ணில்தான் தொடங்க வேண்டும், 91-ல் தொடங்க முடியாது. ரத்தப் பரிசோதனை இயந்திரம் மாதிரி முகவரி மாறக் கூடாதவற்றுக்கு ஒவ்வொரு துறையிலும் கடைசி எண் 99 வரை ஒதுக்கி, தானாகக் கொடுப்பதை 100-லிருந்து ஆரம்பித்தோம்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. சரிவில் மேலும் கீழுமாக நிற்கும் கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள். 100 மீட்டருக்கு மேல் செம்பு போகாது என்பது ஒரு பக்கம்; கோடை மழை இடி ஒரே அடியில் இரண்டு கட்டடத்து ஸ்விட்சையும் கருக்கிவிடும் என்பது இன்னொரு பக்கம். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து ஆளும் வராது, சாமானும் வராது. அதனால் துறை, எண், ஸ்விட்ச் துளை என்று ஒரே தாளில் எழுதி, மஞ்சு ஈரம் ஏறாமல் லேமினேட் செய்து ரேக் கதவில் ஒட்டினேன். பார்மசி சுவரிலும் ஒன்று.

போன மழையில் பார்மசி அக்கா கூப்பிட்டார். "தம்பி, இங்க பில்லு ஓடல. தாள்ல பாத்தேன், நம்மளுது மூணாவது நம்பர் இருபதுன்னு இருக்கு. கம்ப்யூட்டர்ல முப்பது காட்டுது." யாரோ துடைக்கும்போது கழன்ற கேபிளை லேப்பின் துளையில் செருகியிருந்தார்கள். எந்தத் துளை என்று நான் சொல்வதற்குள் அவரே தாளைப் பார்த்து மாற்றிவிட்டார்.