‘சம்பளத்தை’ யார் கூப்பிடுகிறார்கள்?

பழைய நிரலில் கை வைப்பவர்களுக்கு முதலில் வருவது ஒரே பயம்தான்: இந்த ஃபங்ஷனை (பெயர் வைத்த நிரல் துண்டை) மாற்றினால் வேறு எது உடையும்? ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வளர்ந்த, லிஸ்ப் மொழியில் நிரல் எழுதுவதற்கான இண்டர்லிஸ்ப் சூழலில் இதற்கு 1970களிலேயே ஒரு கருவி இருந்தது. லாரி மாசிண்டர் எழுதிய அதன் பெயர் மாஸ்டர்ஸ்கோப். ‘சம்பளம்’ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தால், எந்த ஃபங்ஷன்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்பதை ‘சம்பளத்தை யார் கூப்பிடுகிறார்கள்’ என்கிற மாதிரி, ஏறக்குறைய பேச்சு ஆங்கிலத்திலேயே கேட்கலாம். பட்டியல் வரும். ‘கூப்பிடும் இடங்களைத் திருத்த வேண்டும்’ என்றால் ஒவ்வொன்றாக எடிட்டரில் திறந்து காட்டும்.

லிஸ்பில் இது சின்ன வேலை என்றுதான் தோன்றும். அங்கே நிரலே ஒரு லிஸ்ட். (கூட்டு அ 1) என்றிருந்தால் முதலில் நிற்பது ஃபங்ஷனின் பெயர், மற்றவை அதற்குக் கொடுப்பவை. ஒவ்வொரு அடைப்புக்குறியையும் திறந்து முதல் சொல்லைக் குறித்துக்கொண்டே போனால் போதாதா?

போதாது. இண்டர்லிஸ்பில் குறிப்புரையும் ஒரு லிஸ்ட்தான், நட்சத்திரக் குறியில் தொடங்கும்:

(* பிடித்தம் போக மீதி (சம்பளம் பார்க்கவும்))

நம் அப்பாவிக் கருவி இதற்குள் புகுந்து, ‘ஆஹா, இங்கே சம்பளம் கூப்பிடப்படுகிறது’ என்று எழுதிவைத்துவிடும். அதேபோல (செட்க்யூ அ (கூட்டு ஆ 1)) என்பதில் அ படிக்கப்படவில்லை, அதன் மதிப்பு மாற்றப்படுகிறது. கணக்கிடப்படுவது அதற்கு அடுத்தது மட்டுமே.

அதனால் மாஸ்டர்ஸ்கோப் இப்படிப்பட்ட சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்ப்புரு வைத்திருக்கிறது. எந்த இடத்தில் இருப்பதைக் கணக்கிட வேண்டும், எது சோதனை, எது மாற்றப்படுகிறது, எதைத் தொடவே கூடாது என்று அது சொல்லும். நட்சத்திரத்தின் வார்ப்புரு சொல்வது இவ்வளவுதான்: உள்ளே போகாதே. என்னைக் கேட்டால், கருவியின் மூளை என்பதே இந்த வார்ப்புருக்கள்தான்.

பராமரிப்பின் தலைவலியும் அங்கேதான். 1980களின் பிற்பகுதியில் இதே சூழலுக்குள் லிஸ்பின் இன்னொரு வகையான காமன் லிஸ்ப்பும் வந்து சேர்ந்தது. புதுப்புதுக் கட்டுமானங்கள் வந்தன. ஒரு ஃபங்ஷனுக்குள்ளேயே ‘சம்பளம்’ என்று உள்ளூர் ஃபங்ஷன் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வெளியே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பேக்கேஜ்கள் வந்ததால் இரண்டு பேர் ஒரே பெயரை வேறு வேறு பொருளில் வைக்கலாம். அப்புறம் மேக்ரோக்கள், அதாவது வேறு நிரலாக விரியும் சுருக்கங்கள். மேக்ரோவை விரித்துப் பார்த்து அலசலாம்தான். ஆனால் திருத்தியது ஒரே ஒரு மேக்ரோ என்றாலும், அதைப் பயன்படுத்திய எல்லா ஃபங்ஷன்களின் அலசலும் பழசாகிவிடும்.

வார்ப்புரு இல்லாவிட்டால் கருவி பிழை என்று கத்துவதில்லை. அமைதியாகத் தப்பான பதிலைத் தரும். நீண்ட பட்டியல் வந்தால்கூட எனக்குக் கவலையில்லை, ‘யாருமில்லை’ என்று வந்தால்தான் பயம். அதை நம்பித்தானே ஃபங்ஷனை அழிப்போம்! அதிலும், கூப்பிட வேண்டிய பெயரை ஓடும்போதே ஒட்டித் தயாரிக்கும் நிரல் என்றால், வார்ப்புரு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கூப்பாடு கருவியின் கண்ணுக்குத் தெரியாது.

இந்தச் சூழல் இன்று மெட்லி என்ற பெயரில் திறமூலமாக, சி மொழியில் எழுதிய எமுலேட்டர் (வேறொரு கணினியைப் போல நடந்துகொள்ளும் நிரல்) ஒன்றின் மேல் சாதாரண லேப்டாப்பிலும் ஓடுகிறது. மாஸ்டர்ஸ்கோப்பும் இண்டர்லிஸ்பிலேயே எழுதப்பட்டது. ஆகவே அதில் ஒரு ஃபங்ஷனைத் திருத்துவதற்கு முன்னால், அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று மாஸ்டர்ஸ்கோப்பிடமே கேட்டுக்கொள்ளலாம்.